சுத்த சைவம்தான், ஆனால் வீகனுக்கு?

மயிலாப்பூரில் ஒரு பழைய சைவ ஓட்டலுக்கு, இரண்டு வருடமாக வீகனாக இருக்கும் தங்கையை அழைத்துப் போனேன். "பால், நெய், தயிர் இல்லாம என்ன இருக்கு?" என்று கேட்டதும் சர்வர் அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது: "இங்க எல்லாமே சுத்த சைவம்மா!" அதுதானே சிக்கல். சைவம் என்றால் நமக்குக் கறி, மீன், முட்டை கிடையாது, அவ்வளவுதான். வீகனுக்குப் பாலும் தேனும் கூட ஆகாது, பட்டுப்புடவை, தோல் செருப்பு வரைக்கும் அந்தக் கணக்கு நீளும்.

இட்லி, மெதுவடை, தேங்காய்ச் சட்னி அருமை, சட்னிக்காகவே திரும்பப் போகலாம். பொங்கலில் நெய் மிதந்தது, சரி, அது தெரிந்ததுதான். ஆனால் ரவா தோசை மாவில் மோர் ஊற்றியிருக்கிறார்கள் என்பது அவள் பாதி சாப்பிட்ட பிறகு நான் சமையல்கட்டு வரை போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னவரும் அதே அண்ணன்தான். நல்ல வேளை, சுக்குக் காபி பால் இல்லாமல் கருப்பட்டி போட்டு வந்தது.

பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியை நம்பியும் பயனில்லை, பால் பொருளுக்கும் அதுதான்; வீகனுக்குத் தனி முத்திரையை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021-இல்தான் அறிவித்தது. சைவக்காரர்களுக்கு நாலு நட்சத்திரம், வீகன்களுக்கு இரண்டு, அதுவும் அந்தச் சட்னிக்காக.