அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டாள ஜீப்: 12 வருட டாப்பெட், கார்ப்ரேட்டர் கணக்கு

2013 பங்குனியில் இந்த ஜீப்பை வாங்கினேன். பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்தில் வெளியே வந்து, இன்னொருவர் கையில் கொஞ்ச நாள் கிடந்து என்னிடம் வந்த வண்டி. மஹிந்திரா சிஜே 3பி, பெட்ரோல் எஞ்சின். வயலுக்கு தினமும், திருநெல்வேலிக்கு வாரம் ஒருமுறை, வனத்துறை அனுமதி கிடைத்தால் மாஞ்சோலைக்கு என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான் இதை ராணுவ லாரி என்றுதான் சொல்வேன். ஜீப்பைப் போய் லாரிக் கணக்கில் சேர்க்கிறாயே என்று ஒரு நண்பர் கேட்டார். இதன் மூத்த அண்ணன், உலகப் போர் ஜீப்பான வில்லிஸ் எம்பிக்கு அமெரிக்க ராணுவம் எழுதி வைத்த பெயரே 'கால் டன் டிரக்'தான். எங்கள் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் 'தடதட'.

வாங்கியதும் முதல் செலவு பெயிண்ட். ஆலிவ் பச்சை படைத்துறை வண்டிகளுக்கு மட்டும்தான் என்று மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. அதனால் சாம்பல் நிறம் அடித்தேன். பச்சையில் இருந்த கம்பீரம் போய்விட்டது. சரி, போகட்டும்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். உலகப் போர் ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் எஞ்சின். பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்டேக், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் என்ற இரண்டு வால்வும் எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்கிலேயே இருக்கும். பிறகு வில்லிஸ்காரர்கள் அதே அளவு எஞ்சினில் இன்டேக் வால்வை மட்டும் பிளாக்குக்கு மேலே மூடி போல உட்காரும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள், எக்ஸாஸ்ட் வால்வு கீழேயே நின்றது. இதற்கு எஃப் ஹெட் என்று பெயர். சக்தி 75 வரை போனது, கூடவே எஞ்சினும் உயரமானது. அதை மூடத்தான் 3பியின் பானட் அப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது. அமெரிக்காவில் 1953இலிருந்து 1968 வரை செய்த வண்டி. இங்கே அதற்குப் பிறகும் பல காலம் வந்தது. எனக்கு இதில் ஒரே சங்கடம்: டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் மெல்லிய இடைவெளி, பார்க்க வேண்டும் என்றால் இரண்டு இடத்தைத் திறக்க வேண்டும்.

முதல் இரண்டு வருடத்தை நான் வீணாக்கியது காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்ப்ரேட்டரில். வண்டி ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நின்று ஓடும்போது) உதறும். கல்லிடைக்குறிச்சி தாண்டி மணிமுத்தாறு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்காது. யாரிடம் காட்டினாலும் கை நேராகக் கார்ப்ரேட்டருக்குத்தான் போகும். ஒருவர் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையான ஜெட்டை மாற்றினார். இன்னொருவர் செம்புக் கம்பியை ஜெட்டுக்குள் விட்டுக் குடைந்தார்; ஓட்டை பெரிதாகி, அன்றிலிருந்து பெட்ரோலும் கரும்புகையுமாகப் போனது. மூன்றாவது ஆள் புல்லட் மெக்கானிக். கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகத் திருக வண்டி மோசமாகிக்கொண்டே போனது. காரணம் பிறகு புரிந்தது: பைக் கார்ப்ரேட்டரில் இருப்பது பெரும்பாலும் ஏர் ஸ்க்ரூ. உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் தூக்கலாகும். ஜீப்பில் இருக்கும் கார்ட்டர் ஒய்எஃப் கார்ப்ரேட்டரில் அந்தத் திருகு பெட்ரோல் கலவையையே அடைப்பது. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். அவர் பழக்கத்தில் கை ஒரு பக்கம் போக, எஞ்சின் எதிர்ப்பக்கம் கேட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது, எனக்குமே அன்று தெரியாது.

கடைசியில் மேலப்பாளையம் பக்கம் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அண்ணாச்சி பானட்டைத் திறக்கவே இல்லை. 'வண்டிய ஓடவிடுங்க' என்றார். என் சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை வாங்கி, சைலன்சர் வாயில் இரண்டு விரலால் பிடித்தார். டிக்கெட் படபடவென்று வெளியே அடித்தது. நான்கைந்து அடிக்கு ஒருமுறை மட்டும் சட்டென்று உள்ளே இழுத்துக் குழாய் வாயில் ஒட்டியது.

'பாத்தியளா? ஒரு எக்ஸாஸ்ட் வால்வு மூடலை. சிலிண்டரு வெளிய ஊதாம உள்ள உறிஞ்சுது. இத வச்சிக்கிட்டு கார்ப்ரேட்டர என்னத்தக் குடைஞ்சிய?'

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தபோது மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றில் பாதிகூட இல்லை. பக்க மூடியைக் கழற்றினால், அந்த எக்ஸாஸ்ட் டாப்பெட்டில் இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. ஹெட்டை இறக்கியபோது வால்வின் விளிம்பில் சின்ன விரல் நகம் அளவுக்கு ஒரு பகுதி கரைந்து போயிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வுக்குச் சூடு பெரும்பாலும் இறங்குவது, அது மூடிப் படியும் வளையமான சீட்டில் உட்காரும் அந்தக் கண நேரத்தில்தான். இடைவெளி இல்லையென்றால் வால்வு முழுசாக உட்காராது, உட்காராத வால்வு குளிராது, குளிராதது கரியும். அந்த வண்டியில் டாப்பெட் சத்தமே கேட்காது. அதை நல்ல குணம் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

அன்றிலிருந்து என் வரிசை ஒன்றுதான். முதலில் டாப்பெட். பிறகு பிளக், பாயிண்ட், டைமிங் என்று தீப்பொறிச் சமாசாரம். இதெல்லாம் சரியான பிறகுதான் கார்ப்ரேட்டரில் கை. இந்த வரிசை மாறினால், மற்ற இடத்துக் கோளாறுக்கெல்லாம் கார்ப்ரேட்டரில் ஈடுகட்டப் பார்ப்போம், அது ஆகாது.

டாப்பெட் வைப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். நான் காலையில் காப்பி குடித்த கையோடு தொடங்குவேன். அளவு இன்டேக் 18 தவ், எக்ஸாஸ்ட் 16 தவ், இரண்டும் குளிர்ந்த எஞ்சினில். தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 18 தவ் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் முன்பக்க ஹேண்டிலைப் போட்டு ஒரு கையால் எஞ்சினைச் சுற்றலாம். எந்த வால்வை எப்போது வைப்பது என்பதற்கு அண்ணாச்சி சொன்னது ஐந்து கணக்கு. நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டு ஆடும்போது, அதாவது எக்ஸாஸ்ட் மூடி முடிக்க, இன்டேக் திறக்கத் தொடங்கும்போது, ஒன்றாவதை வைக்க வேண்டும். இரண்டு ஆடும்போது மூன்று. ஒன்று ஆடும்போது நான்கு. மூன்று ஆடும்போது இரண்டு. கூட்டினால் எப்போதும் ஐந்து. இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1, 3, 4, 2 என்பதால் கணக்கு அப்படியே பொருந்தும்.

மேலே இன்டேக் சுலபம். ராக்கர் கவரைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கும். ஆனால் வால்வை அமுக்கும் ராக்கரின் முனை பழசானால் அதில் வால்வுத் தண்டு உட்கார்ந்து ஒரு குழி விழுந்திருக்கும். கேஜ் குழிக்கு மேலே பாலம் போலப் படுத்துக்கொண்டு 18 என்று பொய் சொல்லும். உண்மையில் 22, 23 இருக்கும். என்னுடையதில் இரண்டு ராக்கரில் குழி இருந்தது. முனையைச் சாணை பிடித்துச் சமப்படுத்திய பிறகுதான் அளவு நம்பும்படி ஆனது.

கீழே எக்ஸாஸ்ட்தான் பாடு. வண்டியின் இடப்பக்கம், புகைக்குழாய் தொடங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில், கையை மடக்கி உள்ளே விட வேண்டும். இரண்டு மெல்லிய ஸ்பானர், ஒரு கேஜ், மூன்றுக்கும் இரண்டு கை. கேஜை இழுக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், வெற்றிலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவுவது போல இருக்க வேண்டும் என்பேன். சும்மா வழுக்கினாலும் தப்பு, பிடித்து இழுக்க வேண்டியிருந்தாலும் தப்பு. வைத்த பிறகு ஹேண்டிலை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது. எட்டில் ஒன்று எப்படியும் நகர்ந்திருக்கும்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் நானே வால்வைக் கழற்றி லேப்பிங் (வால்வையும் சீட்டையும் தேய்த்துப் பொருத்துவது) செய்யலாம் என்று இறங்கினேன். வால்வு அறையின் அடியில் ஆயில் கீழே வடிய ஓட்டைகள் உண்டு. ஸ்பிரிங்கைத் தூக்கும் முன் அவற்றில் துணி அடைக்க வேண்டும். அடைக்கவில்லை. ஸ்பிரிங்கைத் தூக்கியதும், அதை வால்வோடு பிடித்திருக்கும் வால்வு லாக் ஒன்று 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு மறைந்தது. கம்பி முனையில் காந்தம் கட்டித் துழாவிப் பார்த்தேன், அகப்படவில்லை. அரிசிப் பருக்கை மாதிரி ஒரு துண்டுக்காக எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பரைக் கழற்றி, பேக்கிங் புதிதாகப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. சவத்து லாக்கு, சேம்பர் மூலையில் கருப்பு ஆயிலுக்குள் பத்திரமாகப் படுத்திருந்தது.

இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. பழைய எஞ்சின்களுக்கு அந்த ஈயம் எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் ஒரு மெத்தை போலப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. இப்போது சீட் தேயத் தேய வால்வு கீழிறங்கும், இடைவெளி கூடுவதில்லை, குறையும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, நோட்டில் எழுதி வைக்கிறேன். தொடர்ந்து ஒரே வால்வு குறைந்துகொண்டே வந்தால் அதற்கு நாள் நெருங்குகிறது என்று அர்த்தம்.

இனி கார்ப்ரேட்டர். கார்ட்டர் ஒய்எஃப் உள்ளபடியே எளிய கருவி: பெட்ரோலில் மிதக்கும் ஒரு ஃப்ளோட், அது ஏறியதும் பெட்ரோலை அடைக்கும் ஒரு நீடில் வால்வு, பம்ப் டயப்ரம், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் மீட்டரிங் ராடு. ஜெட் அடைத்தால் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்று அடிப்பதோடு சரி. பெரிய ஓட்டைக்கு வேண்டுமானால் தென்னை ஈர்க்கு. கம்பி கூடவே கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன் கார்ப்ரேட்டரில் பெட்ரோல் வழியும் ஓவர்ஃப்ளோ வந்தது. நீடில் புதுசு, சீட் புதுசு, அப்படியும் ஒழுகியது. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினேன். உள்ளே களக் களக் என்றது. பித்தளை ஃப்ளோட்டில் ஓட்டை கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சுடுதண்ணீரில் அமுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஓட்டை வழியாகக் குமிழி விடும். அடுப்படியிலிருந்து சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை முற்றத்துக்கு எடுத்து வந்து அமுக்கினேன் (உள்ளே பெட்ரோல், அடுப்புப் பக்கம் போகவே கூடாது). பொருத்து ஓரத்தில் கடுகு அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தப் பாத்திரத்தை என் மனைவி மறுபடி அடுப்படிக்குள் விடவில்லை, அது வேறு கதை. உள்ளே இருந்ததை முழுக்க ஆவியாக்கிவிட்டுப் பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு சொட்டு ஈயம் போதும் என்று இரண்டு முறை சொன்னேன். ஈயம் கூடினால் ஃப்ளோட் கனத்து ஆழமாக மிதக்கும், பெட்ரோல் மட்டம் ஏறிவிடும், மறுபடி ஓவர்ஃப்ளோ.

மிக்சர் வைக்க எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். திருகை மெதுவாக உள்ளே முட்டவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குவேன். அழுத்தி முட்டினால் ஊசி முனை நசுங்கிவிடும். பிறகு உதறும் வரை உள்ளே, பிறகு சீராகும் வரை வெளியே. எஞ்சின் உறிஞ்சும் அளவைக் காட்டும் வேக்குவம் கேஜ் ஒன்று வாங்கியதில் வருத்தமே இல்லை. முள் 18 அங்குலத்தில் (பாதரச அளவு) ஆடாமல் நின்றால் வால்வும் நலம், கார்ப்ரேட்டரும் நலம். தாளத்தோடு துள்ளினால் திருகைத் தொடாமல் டாப்பெட் மூடியைத் திறப்பேன்.

மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிவதால் கலவை தானாகப் பெட்ரோல் தூக்கலாகி ஐடில் கொஞ்சம் மந்தமாகும். அதைப் பார்த்து மேலே வைத்துத் திருகக் கூடாது; கீழே இறங்கியதும் நாமே தேடிய வம்பாகிவிடும்.

வெயில் வேறு விஷயம். சித்திரையில் திருநெல்வேலி ஜங்ஷனில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் சூட்டில் கார்ப்ரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொங்கி உள்ளே வழிந்திருக்கும். ஆக்சிலேட்டரைப் பம்ப் பண்ணாமல், முழுக்க அழுத்திப் பிடித்தபடி சுற்றினால் எடுக்கும். கார்ப்ரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த பேக்கலைட் துண்டு வைத்த பிறகு பாதித் தொல்லை குறைந்தது. திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் போய் வந்தால் ஏர் கிளீனர் ஆயிலை மாற்றிவிடுவேன். கிண்ணத்தடியில் செம்மண் கூழ் ஒரு விரல் கனத்துக்கு நிற்கும்.

அப்புறம் எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023இல் சில பெட்ரோல் பங்க்குகளில் வந்து, இப்போது எங்கும் அதுதான். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே இளகி, கருப்புப் பொடியாக ஃப்ளோட் கிண்ணத்தில் வந்து படிந்தது. பம்ப் டயப்ரம் விறைத்து, மிதித்ததும் வண்டி ஒரு நொடி திக்கியது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மழைக்கு ஒரு மாதம் நிறுத்தி வைத்துத் திறந்தபோது கிண்ணத்தில் வெள்ளைப் பொடி. ஹோஸ், இரண்டு டயப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன். நாள் கணக்கில் நிறுத்துவதென்றால் பெட்ரோல் குழாயை அடைத்து, தானாக அணையும் வரை ஓடவிடுகிறேன். மைலேஜ் எட்டிலிருந்து ஏழு சொச்சத்துக்கு வந்துவிட்டது. மைலேஜ் பார்ப்பவர்கள் இந்த வண்டிப் பக்கம் வர வேண்டாம்.

பின்பக்க கிராங்க் சீலில் ஆயில் ஒழுகும். 12 வருடமாக ஒழுகுகிறது, அடியில் தகரத்தட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் அளந்ததில் இரண்டாவது எக்ஸாஸ்ட் 12 தவ். தை மாதம் 14 இருந்தது, அதற்கு முன் 16. வைத்துவிட்டேன், ஆனால் இனி அதிகம் தாங்காது. ஆனித் தேரோட்டம் முடிந்ததும் ஹெட்டை இறக்க வேண்டும். துணி அடைக்க மறக்காதே என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.