எத்தனை கோர் கொடுக்கலாம்? விர்ச்சுவல் மெஷின்களோடு சில ஆண்டுகள்

ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளால் இன்னொரு கணினியை உருவாக்கி ஓட்டினால் அதுதான் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம். அதற்கான மென்பொருள்களான விர்ச்சுவல்பாக்ஸையும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனையும் மாற்றி மாற்றிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். எனக்கு இரண்டு தேவைகள். ஒன்று, புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7. அச்சகங்களிலிருந்து அந்தக் கோப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உள்ளே இருப்பவை யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள். அவற்றைச் சிதையாமல் திறக்க விண்டோஸ் எக்ஸ்பிதான் எனக்கு நிம்மதி. இன்னொன்று, சர்வர் வேலைகளைச் சோதித்துப் பார்க்க ஒன்றிரண்டு லினக்ஸ் விஎம்கள். இந்த வேலைகளை நான்கு கோர் கொண்ட இன்டெல் ஐ5-3470-இல் செய்திருக்கிறேன், ஆறு கோர் ரைசன் லேப்டாப்பில் செய்திருக்கிறேன், இப்போது ஐ5-13500-இல் செய்கிறேன்.

விஎம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் கேட்பது "எத்தனை கோர் கொடுக்கணும்?" என்பதைத்தான். செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளே கோர்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகக் கேட்கலாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் செயலி ஒத்துவருமா என்பது. விஎம்களை ஓட்டச் செயலியே துணை செய்யும் விடி-எக்ஸ் வசதியை இன்டெல் 2005 கடைசியில் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு ஏஎம்டி தன் ஏஎம்டி-வியை. அதற்குப் பிறகு வந்த எல்லாச் செயலியிலும் அது இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கோர் 2 காலத்தில், விலை குறைந்த பல மாடல்களில் இன்டெல் அதை வெட்டிவிட்டுத்தான் விற்றது. அப்போதெல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் வழியாகவே 32-பிட் விண்டோஸை ஓட்டிச் சமாளித்துவிடும். 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்போடு அந்த வழி மூடப்பட்டது. வொர்க்ஸ்டேஷன் அதற்கும் முன்னாலேயே, 2017-இல் வந்த 14-ஆம் பதிப்பில், பழைய செயலிகளைக் கழற்றிவிட்டது. இப்போதைய பதிப்புகள் பொதுவாக 2011-க்குப் பின் வந்த செயலிகளைக் கேட்கின்றன. செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்குபவர்கள் ரேமைப் பார்ப்பதற்கு முன் செயலியின் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது.

வசதி இருந்தும், கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் அது அணைந்து கிடப்பது இன்னொரு தொல்லை. இன்டெல் போர்டுகளில் விர்ச்சுவலைசேஷன் என்றே பெயர் இருக்கும், கண்டுபிடித்துவிடலாம். ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஎம் என்று மூன்றெழுத்தில் எங்கோ ஓவர்கிளாக்கிங் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும். இது அணைந்திருந்தால் விர்ச்சுவல்பாக்ஸில் புது மெஷின் உருவாக்கும்போது பட்டியலில் 32-பிட் மட்டுமே வரும். "64-பிட் காணோம்" என்று யாராவது சொன்னால் பாதி நேரம் காரணம் இதுதான். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தைத் திறந்தால் விர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா இல்லையா என்று கீழேயே எழுதியிருக்கும். பயாஸுக்குள் போகும் முன் அங்கே ஒரு பார்வை பார்த்தால் போதும்.

சரி, இதெல்லாம் ஒரு தடவை சரிசெய்தால் முடிந்துபோகிற வேலை. என்னை அதிகம் படுத்தியது ஹைப்பர்-வி, அதாவது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மைக்ரோசாஃப்டின் சொந்த விஎம் அமைப்பு.

விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினால், பாதுகாப்புக்காக அது தன்னையே ஹைப்பர்-வி மேல் உட்காரவைத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2, நிரல்களைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் ஆகியவற்றைப் போட்டாலும் இதே கதைதான். அப்புறம் விடி-எக்ஸ் அதன் கையில் போய்விடும். விர்ச்சுவல்பாக்ஸும் வொர்க்ஸ்டேஷனும் நேரடியாகச் செயலியைத் தொட முடியாது, மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் இடைத்தளம் வழியாகவே போக வேண்டும். வொர்க்ஸ்டேஷன் இந்தச் சகவாழ்வுக்கு 2020-இல் 15.5.5 பதிப்பில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் ஹைப்பர்-வி இருந்தால் விஎம் திறக்கவே திறக்காது. இப்போது திறக்கிறது, ஆனால் வேகத்தில் வித்தியாசம் தெரிகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது: விஎம் சன்னலின் கீழ்ப்பட்டையில், வழக்கமான சிப் சின்னத்துக்குப் பதிலாக ஒரு பச்சை ஆமை வந்து உட்காரும். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆமை தெரியும்போது கோர்களைக் கூட்டிப் பயனில்லை. என் லினக்ஸ் விஎம்மில் நான்கை எட்டாக்கிப் பார்த்தேன், மெனு திறப்பதில் இருந்த இழுவை அப்படியேதான் இருந்தது.

வேகத்தோடு இது நிற்பதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 வரை, ஹைப்பர்-வி வழியாக ஓடும்போது, ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் செயலிக் கட்டளைகளான ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 விஎம்முக்குள் போய்ச் சேராது. செயலியில் அவை இருக்கும், விஎம்முக்குத் தெரியாது. தரவுத்தள மென்பொருளான மாங்கோடிபியில் 5.0-இலிருந்து ஏவிஎக்ஸ் கட்டாயம் என்பதால் நிறுவல் ஒழுங்காக முடியும்; ஓட்டினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று ஒரே வரியில் செத்துப்போகும். லாக் கோப்பில் ஒரு துப்பும் இருக்காது. விஎம்முக்குள் செயலியின் விவரங்களைக் காட்டும் சிபியூஇன்ஃபோ கோப்பைத் திறந்து ஃப்ளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸைத் தேடினால்தான் உண்மை புரியும். 2025 ஆகஸ்டில் வந்த 7.2 இந்தக் குறையைத் தீர்த்தது. இதற்காகவே பழைய பதிப்பில் இருப்பவர்களை மேம்படுத்தச் சொல்வேன்.

செயலியிலேயே அந்தக் கட்டளை இல்லையென்றால் எந்தப் பதிப்பும் உதவாது. ஐ5-3470-இல் ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 கிடையாது. இன்டெல்லில் அது 2013-இல் ஹாஸ்வெல்லோடுதான் வந்தது. ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10, செயலியில் இருக்க வேண்டிய கட்டளைகளை வரையறுக்கும் எக்ஸ்86-64-வி3 தரத்தைக் கேட்கிறது, ஏவிஎக்ஸ்2 அதற்குள் அடக்கம். ஆகவே அந்தப் பழைய டெஸ்க்டாப்பில் 9-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இல்லையென்றால் ரெட்ஹேட்டை ஒட்டிய இலவச லினக்ஸான ஆல்மாலினக்ஸ் 10 இருக்கிறது. பழைய செயலிகளுக்கென்றே அவர்கள் அதற்குக் கீழான வி2 தரத்தில் தனியாக ஒரு பதிப்பு தருகிறார்கள்.

ஹைப்பர்-வியை முழுதாக அணைக்கலாமா? அணைக்கலாம். டபிள்யூஎஸ்எல்2, டாக்கர் எதுவும் வேண்டாம் என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்தி, விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மையும் ஹைப்பர்-வியையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஆமை போய்விடும். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி என்பது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. மோசமான டிரைவர்கள் கெர்னலுக்குள் புகுவதைத் தடுக்கும் காவல் அது. வங்கி வேலை பார்க்கும் கணினியில் நான் கைவைக்க மாட்டேன். தனி டெஸ்க்டாப்பில் அணைத்து வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் ஆமையோடு காலம் தள்ளுகிறேன்.

இப்போது கோர் எண்ணிக்கைக்கு வரலாம். பேஜ்மேக்கர் 2001-இல் வந்த மென்பொருள், ஒரு கோரைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது. எக்ஸ்பிக்கு ஒரே ஒரு கோர்தான் கொடுத்திருக்கிறேன். இரண்டு கொடுத்துப் பார்த்தபோது எந்த முன்னேற்றமும் இல்லை. நூறு பக்கப் புத்தகத்தை பிடிஎஃப் ஆக்கும்போது ஒரு கோர் முழுதாக ஓடுகிறது, மற்றது சும்மா இருக்கிறது.

லினக்ஸில் நிரல் தொகுக்கும்போது (கம்பைல்) கதை வேறு. கோர் கூடக் கூட நேரம் குறைகிறது, ஆனால் செயலியின் உண்மையான கோர் எண்ணிக்கை வரைக்கும்தான். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங்கால் தெரியும் கூடுதல் எண்ணிக்கையை நம்பிக் கொடுத்தால் லாபம் அற்பம், ஹோஸ்டில், அதாவது விஎம்மைச் சுமக்கும் வெளி விண்டோஸில், மௌஸ் திக்கித் திணறுவதுதான் மிச்சம். விர்ச்சுவல்பாக்ஸின் கையேடே, ஹைப்பர்திரெட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்கிறது. ப்ராசசர் ஸ்லைடரில் பச்சைப் பகுதி முடிந்து சிவப்பு தொடங்குவதும் இதற்காகத்தான். நான் பச்சையின் விளிம்பு வரைகூடப் போவதில்லை. ஹோஸ்டுக்கு இரண்டு கோராவது ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் கைவைப்பேன்.

வொர்க்ஸ்டேஷனில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அங்கே ப்ராசசர் எத்தனை, ஒரு ப்ராசசருக்குக் கோர் எத்தனை என்று இரண்டு கட்டங்கள். நான்கு கோர் வேண்டும் என்பதற்காக முதல் கட்டத்தில் 4, இரண்டாவதில் 1 என்று வைத்தால், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு நான்கு தனித்தனி சாக்கெட், அதாவது நான்கு தனிச் செயலிகள் தெரியும். விண்டோஸ் 10 ஹோம் ஒரு சாக்கெட்டைத்தான் ஏற்கும், ப்ரோ இரண்டை. மிச்சத்தை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 1, 4 என்று மாற்றி வைத்தால் நான்கும் வேலை செய்யும். லினக்ஸ் எப்படி வைத்தாலும் எடுத்துக்கொள்கிறது.

ஐ5-13500-க்கு மாறியபோது எல்லாம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். பதினான்கு கோர், இருபது திரெட். ஆனால் அந்தப் பதினான்கில் ஆறு மட்டுமே வலுவான பி-கோர். மற்ற எட்டும் மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈ-கோர். வெளியே இருக்கும் விண்டோஸுக்கு இந்த வேறுபாடு தெரியும், விஎம்முக்குள் இருக்கும் ஓஎஸ்ஸுக்குத் தெரியாது. அதற்கு எல்லாம் ஒரே மாதிரி கோர்கள். எட்டு கோர் கொடுத்து வேலையை எட்டாகப் பங்கிட்டால், பி-கோரில் விழுந்த பங்கு சீக்கிரம் முடிந்து ஈ-கோரில் விழுந்த பங்குக்காகக் காத்து நிற்கும். மாட்டு வண்டியில் ஒரு பக்கம் காளையையும் மறுபக்கம் கன்றையும் பூட்டின மாதிரி.

இதைவிடக் கடுப்பேற்றுவது, விஎம் சன்னலைச் சிறிதாக்கிவிட்டு உலாவிக்குப் போகும்போது நடப்பது. விண்டோஸ் 11 அதைப் பின்னணி வேலையாகக் கருதி மொத்தமாக ஈ-கோர்களுக்குத் தள்ளிவிடுவதுண்டு. முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் மளமளவென்று ஓடும் தொகுப்பு, கண்ணை எடுத்ததும் நொண்டும். டாஸ்க் மேனேஜரில் லாஜிக்கல் ப்ராசசர் வரைபடங்களைத் திறந்து வைத்தால் பி-கோர்களுக்கான முதல் பன்னிரண்டு கட்டங்கள் வெறிச்சோடிக் கிடக்க, ஈ-கோர்களுக்கான கடைசி எட்டும் உச்சியில் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதற்கு எனக்குப் பலன் தந்தது விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளை மாற்றும் பவர்சிஎஃப்ஜி கட்டளை. அதில் பவர்திராட்லிங் என்ற பிரிவில் டிசேபிள் போட்டு, விஎம்மை ஓட்டும் நிரலின் பாதையைக் கொடுத்துவிட்டால், விண்டோஸ் அந்த நிரலைப் பின்னணி என்று ஒடுக்குவதை விட்டுவிடுகிறது. வொர்க்ஸ்டேஷனில் கொடுக்க வேண்டியது நம் கண்ணுக்குத் தெரியும் சன்னலின் நிரலை அல்ல; விஎம்வேர்-விஎம்எக்ஸ் என்ற நிரலை. உண்மையில் உழைப்பது அதுதான். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தாலே சரியாகிறது என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் தினமும் அப்படித் திறக்க எனக்கு மனமில்லை. டாஸ்க் மேனேஜரில் எந்தக் கோர்களில் ஓட வேண்டும் என்று அஃபினிட்டி குறிப்பதும் வேலை செய்யும், விஎம்மை மூடித் திறந்தால் மறந்துவிடும். இப்போது அந்த லினக்ஸ் விஎம்முக்கு நான்கு கோர்தான். எட்டு கொடுத்திருந்த காலத்தைவிட இது சீராக ஓடுகிறது.

ஹோஸ்டே லினக்ஸ் என்றால் இந்தப் பாடு பாதி குறையும். லினக்ஸின் சொந்த விஎம் அமைப்பான கேவிஎம்மில் எந்த விஎம் எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று எழுதியே வைத்துவிடலாம், செயலியின் எல்லாக் கட்டளைகளையும் அப்படியே உள்ளே அனுப்பவும் ஒரு தேர்வு உண்டு. விண்டோஸை விட முடியாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் இவ்வளவு நீட்டல்.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு விஎம்மை மாற்றுபவர்கள் அதை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும். சஸ்பெண்ட் செய்து வைத்ததை வேறு வகைச் செயலியில் தொடர முடியாது. செயலி வசதிகள் வேறுபடுகின்றன என்று சொல்லி மறுத்துவிடும். இன்டெல் கணினியில் நிறுவிய எக்ஸ்பியை ஏஎம்டி மேல் கொண்டுபோனால் இன்னொரு கண்டம்: இன்டெல்பிபிஎம் என்ற டிரைவரால் நீலத்திரை வரலாம். சேஃப் மோடில் போய் ரெஜிஸ்ட்ரியில் அந்த சர்வீஸின் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்கினால் தீர்ந்தது.

ஆப்பிளின் எம்1, அதற்குப் பின் வந்த மேக்குகள் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றின் செயலி இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86 வகை அல்ல, ஆர்ம் வகை. அங்கே ஆர்ம் விண்டோஸும் ஆர்ம் லினக்ஸும் அருமையாக ஓடும். எக்ஸ்பி போன்ற எக்ஸ்86 அமைப்பு என்றால், யூடிஎம் மாதிரி மென்பொருளில் அந்தச் செயலியையே முழுதாகப் பாவனை செய்யும் எமுலேஷன்தான் வழி. பேஜ்மேக்கரில் ஒரு கோப்பைத் திறந்து பார்க்க அது போதும், நாள் முழுக்க உட்கார்ந்து பக்கம் கட்டப் போதாது. பேஜ்மேக்கரை விட முடியாதவர்கள் ஒரு பழைய இன்டெல் டெஸ்க்டாப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். என் ஐ5-3470 இப்போது அந்த வேலையைத்தான் பார்க்கிறது.