5 ஆண்டா, 3 ஆண்டா? சட்டப் படிப்பில் சேருமுன்

பிளஸ் டூ முடித்ததும் சேரும் 5 ஆண்டு பி.ஏ., எல்.எல்.பி.க்கும், ஒரு பட்டத்துக்குப் பிறகு படிக்கும் 3 ஆண்டு எல்.எல்.பி.க்கும் வழக்கறிஞர் உரிமையில் வித்தியாசம் கிடையாது. கறுப்புக் கோட்டு ஒன்றுதான்.

மொத்தக் கணக்கில் 5 ஆண்டுப் படிப்பு ஓராண்டை மிச்சப்படுத்தும். ஆனால் இடையில் விலகினால் பி.ஏ. பட்டத்தைத் தனியாக வாங்க முடியாது; சட்டக் கல்வியையும் வழக்கறிஞர்களையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி அப்படி. மூன்றாம் ஆண்டில் மனம் மாறினால் கையில் மிஞ்சுவது பிளஸ் டூ சான்றிதழ்தான். சட்டத்தில் உறுதி இல்லாதவர் முதலில் பி.காம். முடிப்பது நல்லது. வரி, கம்பெனி வழக்குகளில் அந்தக் கணக்கறிவுக்குத் தனி மதிப்பு.

பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களே குறி என்றால் 5 ஆண்டுதான், அதுவும் கிளாட் என்ற பொது நுழைவுத்தேர்வை எழுதி ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில். திருச்சியில் இருப்பதற்கும் அதே தேர்வு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் இரண்டு படிப்புக்கும் மதிப்பெண்தான், நுழைவுத்தேர்வு இல்லை.

3 ஆண்டுப் படிப்பில் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவருக்குத் தகுதி இல்லை. வேலையை விடாமல் படிக்க நினைப்பவரை வருகைப்பதிவு மடக்கும்: ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வேண்டும்.

இன்டர்ன்ஷிப் 3 ஆண்டுக்குக் குறைந்தது 12 வாரம், 5 ஆண்டுக்கு 20. ஒரு கல்வியாண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் போகக்கூடாது என்பதால், கடைசி ஆண்டில் மொத்தமாக முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பட்டத்துக்குப் பிறகு வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுதும் அகில இந்திய பார் தேர்வு இரு தரப்புக்கும் பொது.