மறுபயன்பாட்டு ராக்கெட்: மண்ணெண்ணெயா, மீத்தேனா?

இரண்டு எரிபொருளும் எரியத் திரவ ஆக்சிஜன்தான் துணை. வேறுபாடு தெரிவது எஞ்சினை மறுபடி ஏவும்போது.

கரிப் படிவு
மண்ணெண்ணெய்: எஞ்சின் சுவரைக் குளிர்விக்க எரிபொருளே ஓடும் நுண்குழல்களில் சூடேறிச் சிதைந்து கரியாகப் படியும். படிந்த இடத்தில் வெப்பம் கடத்தப்படாமல் சுவர் சூடாகி விரிசல் விடும். எரிபொருள் பம்பைச் சுழற்றும் டர்பைனின் இதழ்களிலும் புகைக்கரி ஒட்டும். ஆய்வுக்கும் சுத்தம் செய்யவும்தான் நேரம் கரையும்.
மீத்தேன்: படிவு மிகக் குறைவு. அடிக்கடி ஏவுவதென்றால் இது ஒன்றே போதுமான காரணம்.

தொட்டி
மண்ணெண்ணெய்: லிட்டருக்குச் சுமார் 0.8 கிலோ, தொட்டி சிறியது.
மீத்தேன்: சுமார் 0.42 கிலோதான். ஆனால் ஆக்சிஜன் விகிதம் கூடுதல் என்பதால் ராக்கெட் இரட்டிப்பாகப் பெருத்துவிடாது.

தொட்டி அழுத்தம்
மண்ணெண்ணெய்: தொட்டி காலியாகும்போது அழுத்தம் குறையாமலிருக்கப் பெரும்பாலும் ஹீலியம் வாயு வேண்டும்.
மீத்தேன்: எஞ்சின் வெப்பத்தில் ஆவியாக்கித் தொட்டிக்கே திருப்பலாம்.

கசிவு
மண்ணெண்ணெய்: சொட்டும், கண்ணுக்குத் தெரியும்.
மீத்தேன்: காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் தீப்பற்றும். எஞ்சின் அறையில் நைட்ரஜன் பாய்ச்சலும் வாயு உணரிகளும் கட்டாயம்.

தரையிறக்கத்தையே இன்னும் கற்கும் சிறிய குழுவுக்கு மண்ணெண்ணெய் போதும்; 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் நிலை தரையிறங்கியது அதில்தான். ஒரே எஞ்சினைக் கழற்றாமல் பலமுறை ஓட்டுவது இலக்கென்றால் மீத்தேன். திரவ மீத்தேன் கடுங்குளிரானது என்பதால் வால்வு, சீல் சோதனைகளையும் கடுங்குளிரிலேயே செய்யுங்கள்.