ஏகமனதா, தலைக்கணக்கா, வர்க்கமூலமா?

2022 மார்ச் 30 அன்று கொழும்பு மாநாட்டில், வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கின் சாசனம் கையெழுத்தானது. 1997 இல் நான்கு நாடுகளோடு தொடங்கிய அமைப்பு இப்போது ஏழாகிவிட்டது. இன்னும் சேர்க்கவும் சாசனத்தில் வழியுண்டு. முடிவெடுக்கும் முறை மட்டும் மாறவில்லை: எல்லோரும் இணங்க வேண்டும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கில் பார்க்கலாம். அங்கும் சாசனப்படி ஏகமனதுதான். 2016 இல் இந்தியாவும் வேறு சில நாடுகளும் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த உச்சிமாநாட்டுக்கு வர மறுத்தன. 2014 காத்மண்டுவுக்குப் பிறகு உச்சிமாநாடே நடக்கவில்லை.

நாட்டுக்கொரு வாக்கு, மூன்றில் இரண்டு பெரும்பான்மை என்பது அடுத்த வழி. இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழுவில் அப்படித்தான். ஆனால் வாக்கெடுப்பில் தோற்ற நாடு 120 நாளுக்குள் ஆட்சேபித்தால் அந்த முடிவு அதைக் கட்டுப்படுத்தாது. மீன்களை ஈர்க்கும் மிதவைகள் பற்றி 2023 இல் எடுத்த தீர்மானத்தை ஐரோப்பிய ஒன்றியம் அப்படித்தான் ஆட்சேபித்தது.

சனத்தொகைப்படி வாக்குக் கொடுக்கலாமே என்பார்கள். பிம்ஸ்டெக்கில் ஐந்தில் நான்கு பங்கு மக்கள் இந்தியர். மற்ற ஆறு நாடுகளும் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடும். தலைக்கணக்கு மட்டும் போதும் என்றால் என்ன நடக்கும் என்பதை 1956 இல், இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஒரே நாட்டுக்குள் அனுபவித்தவர்கள் தமிழர்களாகிய நாங்கள்.

வாக்கைக் குத்துமதிப்பாகப் பங்கிடுவதிலும் பொறி உண்டு. 1958 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்குத் தலா 4, பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. ஐரோப்பிய ஆணைக்குழுவின் முன்மொழிவு வெல்ல 12 வேண்டும். மற்றவர்கள் எல்லோருக்கும் இரட்டை எண்கள். ஆகவே அவர்கள் 10 சேர்த்தால் லக்சம்பர்க் வந்தும் 11தான். 12 சேர்த்தால் அது தேவையே இல்லை. அப்படியான முடிவுகளில் அந்த ஒற்றை வாக்கு எதையும் மாற்றியிருக்க முடியாது. சிறிய நாட்டவர்கள் நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எத்தனை வாக்கு என்பதல்ல, அது முடிவைத் திருப்புமா என்பது.

1946 இல் பிரித்தானிய அறிஞர் லயனல் பென்ரோஸ் சொன்ன வழி, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் சனத்தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வாக்குக் கொடுப்பது. இந்தியாவின் சனத்தொகை இலங்கையைப் போல ஏறத்தாழ 64 மடங்கு. வர்க்கமூலத்தில் அது 8 மடங்கு. பிம்ஸ்டெக்கில் இந்தியாவின் பங்கு பாதிக்குச் சற்றுக் கீழே வரும். பெரிய நாட்டின் கனம் போகாது, ஆனால் அது தனியாக எதையும் நிறைவேற்றவும் முடியாது. என் தெரிவு இதுதான். சாசனத் திருத்தத்துக்கு மட்டும் ஏகமனது இருக்கட்டும்.

புதிய நாடு சேரும்போதும் பேரம் இல்லை, குடிசன மதிப்பை எடுத்துக் கணக்குப் போட்டால் சரி. மாறாக, 2000 டிசம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் ஐரோப்பியத் தலைவர்கள் விரிவாக்கத்துக்கான வாக்குகளைப் பங்கிட நாட்கணக்கில், இரவிரவாகப் பேரம் பேசினார்கள்.