சூலக ஸ்கானில் பொலிக்கிளும் நீர்க்கட்டியும்

ஸ்கான் அறிக்கையில் ‘20 மில்லிமீற்றர்’ என்று கண்டதுமே கட்டி என்று கலங்குவோர் யாழ்ப்பாணத்தில் பலர். கடைசி மாதவிடாய்த் திகதியையும் சேர்த்தே அதை வாசிக்கவேண்டும். மாதவிடாய்ச் சக்கரத்தின் நடுவில் தெரிவது பெரும்பாலும் பொலிக்கிளே. முட்டையைத் தாங்கிய அந்த நீர்ப்பை 18 முதல் 25 மில்லிமீற்றர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளிவிட்டுச் சுருங்கிவிடும். வெடிக்காமல் 30 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெருத்தால் அது நீர்க்கட்டி. ஆயினும் மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் கொண்ட, 50 மில்லிமீற்றருக்குக் குறைந்த கட்டி, மாதவிடாய் நிற்காத பெண்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று சக்கரங்களில் தானாகவே மறைந்துவிடும்.

உள்ளே திண்மப் பகுதி தெரிந்தாலோ, மாதவிடாய் நின்றபின் கட்டி காணப்பட்டாலோ, பெண்நோயியல் வைத்தியரைக் காணவேண்டும். திடீரென அடிவயிற்றில் கடும் நோவும் வாந்தியும் வந்தால், சூலகம் முறுக்கியிருக்கக்கூடும் என்பதால், தாமதியாமல் போதனா வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.