மசாவாவா, லக்கடோயா? மெலனீசியக் கடலின் இரண்டு வணிகப் படகுகள்

பாப்புவா நியூ கினியின் பாய்மரப் படகுகள் என்றாலே பேச்சு மசாவாவில்தான் தொடங்குகிறது. 1915க்கும் 1918க்கும் இடையே ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் இருமுறை தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் எழுத்து அதற்குத் தேடித்தந்த புகழ் அது. அதே நாட்டின் தென்கரையில் மோட்டு மக்கள் ஓட்டிய லக்கடோய்க்கு அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை. அது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

முதலில் கட்டுமானம். மசாவாவின் அடிப்பகுதி ஒரே மரத்தைக் குடைந்தது. அதன்மேல் பலகைகள் ஏற்றியிருப்பார்கள். ஒரு பக்கத்தில் மட்டும், நீண்ட கழிகளின் நுனியில் ஒரு மிதவைக் கட்டை. அது எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்க்கும்போது மிதவையின் எடை அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. மிதவை மறுபக்கம் போய்விட்டால், அது நீரில் அழுந்திப் படகே கவிழக்கூடும். அதனால் காற்றுக்குக் குறுக்கே திசை மாற்ற வேண்டுமானால் படகைச் சுற்றித் திருப்புவதில்லை. பாயை மறுமுனைக்கு மாற்றுகிறார்கள். பின்முனை அப்போது முன்முனையாகிவிடுகிறது. இவ்வளவு எளிய தீர்வை நினைக்கும்தோறும் வியப்பாக இருக்கிறது.

லக்கடோயில் மிதவையே கிடையாது. குடைந்த மரங்கள் மூன்றோ நான்கோ, அதற்கு மேலுமோ அருகருகே கட்டப்பட்டு, மேலே மேடை போடப்படும். கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் இன்று இரட்டை உடல் படகுகளுக்குப் பெயராக நிற்கிறது. லக்கடோயைப் பார்த்தால் அந்தச் சொல்லின் முதல் பாதி பொருத்தமாகத் தெரியும். நண்டுக் கொடுக்கு வடிவப் பாய்கள் அதன் அடையாளம். அகலமான, நிதானமான படகு அது. எதிர்க்காற்றை மல்லுக்கட்டி வெல்லும் ஆற்றல் அதற்கு இல்லை.

ஆனால் அதற்குத் தேவையும் இல்லை. தென்கிழக்குக் காற்று ஓயும் காலத்தில், செப்டம்பர், அக்டோபர் வாக்கில், மேற்கே புறப்படுவார்கள். வடமேற்குக் காற்று தொடங்கிய பிறகு அதே காற்றில் திரும்புவார்கள். ஹிரி என்னும் இந்தப் பயணம் காற்றின் நாட்காட்டியில் எழுதப்பட்டது.

சரக்கில்தான் உண்மையான வேறுபாடு. மசாவா, குலா என்னும் பரிசுப் பரிமாற்றச் சுற்றுக்குப் போகிறது: செஞ்சிப்பி மாலைகளான சோலவா வலமாகவும், வெண்சங்கு வளைகளான ம்வாலி இடமாகவும் தீவு தீவாகக் கைமாறுகின்றன. உடன் பேரம் பேசி விற்கும் சரக்கும் போகும். ஆம்ப்லெட் தீவுகளின் பானைகள் அப்படித்தான் ட்ரோப்ரியாண்ட் வீடுகளுக்கு வந்தன. இருந்தாலும் படகின் பெருமை வளைக்கும் மாலைக்கும்தான்.

லக்கடோய் சுமந்தது பசிக்கான விடை. போர்ட் மோர்ஸ்பியைச் சுற்றிய கரை மழை குறைந்தது. தோட்டங்கள் போதாத மாதங்கள் உண்டு. பெண்கள் வனைந்த பானைகளை, ஒரு லக்கடோயில் ஆயிரத்துக்கும் மேலாக, ஏற்றிக்கொண்டு ஆண்கள் பாப்புவா வளைகுடாவுக்குப் போனார்கள். ஈரமான அந்தக் கழிமுகங்களில் சேகோ பனை ஏராளம். நம் கடைகளின் ஜவ்வரிசி மரவள்ளியிலிருந்து வருவது. இவர்களுடையது பனந்தண்டை இடித்துக் கழுவி எடுத்த மாவு. அங்கேயே புதிய மரங்களைக் குடைந்து படகோடு சேர்த்துக் கட்டி, போனதைவிடப் பெரிய லக்கடோயாக மாவுடன் ஊர் திரும்பினார்கள். சரக்குக்கேற்ப வளரும் படகை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

காற்றோடு விளையாடும் திறனில் மசாவா மேல். ஓர் ஊரின் பஞ்சத்தைத் தீர்ப்பதில் லக்கடோய் மேல். என் வாக்கு லக்கடோய்க்கே.

திறந்த கடலில் நீண்ட ஓட்டம்தான் அளவுகோல் என்றால் இரண்டையும் விட்டு சாலமன் தீவுகளின் டவுமாகோவுக்குப் போக வேண்டும். அங்குள்ள தே புகே என்னும் படகின் குறுகிய அடிமரம் பெரும்பாலும் நீரில் அமிழ்ந்தே ஓடும். சுமையும் ஆட்களும் மேலுள்ள மேடையில். அந்தப் படகே ஒரு விற்பனைப் பொருளாக அண்டைத் தீவுகளுக்குப் போனது. விலையாகச் சிவப்பு இறகுச் சுருள்கள் கொடுக்கப்பட்டன.

ம்வாலி வளைக்கு ஈடான சங்கு வளையை மோட்டு மொழியில் தோயா என்பார்கள். இன்று பாப்புவா நியூ கினியின் சில்லறைக் காசுக்கு அதுதான் பெயர்: நூறு தோயா, ஒரு கினா.